மூடியிருக்கும் வீடுகள்: இல்லை

பிப்ரவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

இருமலைத் தவிர எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, மருமகளுக்கு அறுவைக் காயம் ஆறிவருகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். ஃபோனில் நீ சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மீதியை நானாக நிரப்பிக்கொண்டேன். அது சரியாக இருக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

பத்தாம் தேதி நீ பிள்ளை வீட்டுக்குக் கிளம்பியதும் உன் வீட்டைப் பூட்டிச் சாவியை என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். ஃப்ரிட்ஜை அணைத்துத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு துணிச் சுருளைச் செருகியிருக்கிறேன்.

கிளம்பும் அவசரத்தில் நம் குடியிருப்பின் மின்சாரச் சேமிப்புத் திட்டத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கும் பலகை பதித்து வெள்ளைப் பூச்சு பூசியாகிவிட்டது. மாடிப்படி விளக்குகளும் தண்ணீர் மோட்டாரும் மாற்றியாகிவிட்டன. இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் மட்டும் பாக்கி. எல்லாம் வங்கிக் கடன். அதில் நூற்றுக்கு நாற்பது பங்கை அரசே மானியமாகக் கட்டிவிடும். ஒரே நிபந்தனை: நம் பதினெட்டு வீடுகளும் சேர்ந்து, போன வருடத்தைவிட இந்த வருடம் மின்சாரத்தை நூற்றுக்கு இருபது குறைத்திருக்க வேண்டும். அளப்பது வாசலில் இருக்கும் பெரிய மீட்டர். பத்தொன்பதரை என்றால் ஒரு காசு கிடையாது. கடன் முழுவதும் நம் தலையில்.

அசோசியேஷன் செயலாளர் என்ற முறையில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது நான்தான். மேல் மாடி டாக்சிக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், எனக்குப் படிப்பு கொஞ்சம். கணக்கு அதைவிடக் கொஞ்சம். நீங்க போடச் சொன்னா போடறேன்" என்றார். போட்டுவிட்டார். எடை அளவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். என்னை நம்பி ஒருவர் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

இன்று காலை ஆறு மணிக்கு, சேமிப்பு: நூற்றுக்கு 16.1

*

மார்ச் 20

அன்புள்ள தராசண்ணாவுக்கு,

இடுப்பு இருக்கிறது, அதில் வலியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. மருமகள் எழுந்து நடக்கிறாள். உங்கள் இருமலுக்கு வெந்நீர் குடிக்கிறீர்களா, அல்லது வெந்நீர் போட்டால் மீட்டர் ஓடும் என்று பயந்து பச்சைத் தண்ணீர் குடிக்கிறீர்களா?

கடிதத்தின் கீழே மார்க் போட்டு அனுப்பும் ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். பதினாறு எடுத்தவன் பரீட்சையில் தேறுவானா என்று எனக்கும் கவலையாகிவிட்டது.

நீங்களும் கடிதமே எழுதுங்கள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள் நான். இந்த வீட்டில் ஒரு ஃபோன் பேச ஒதுக்குப்புறம் கிடைக்கவில்லை. பக்கத்துத் தெரு நூலகத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அமைதியாக இருக்கிறது. தினமும் வருகிறேன்.

இன்னும் மூன்று வாரம். பிறகு வந்துவிடுவேன்.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 3

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். வெந்நீர் குடிக்கிறேன், காஸ் அடுப்பில். தினமும் நூலகத்துக்கு நடக்கிறாயே, இடுப்பு தாங்குகிறதா?

முதல் காலாண்டுப் படிவத்தை அனுப்பிவிட்டேன். ஐந்தாவது கட்டத்தில் "அறுபது நாளுக்கு மேல் மூடியிருக்கும் வீடுகள்" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஏதாவது இருந்தால், அந்த வீட்டின் பங்கைப் போன வருடக் கணக்கிலிருந்தும் கழித்துவிடுவார்கள். நியாயம்தான். ஆள் இல்லாமல் விளக்கு எரியாததைச் சேமிப்பு என்று சொல்ல முடியாதல்லவா? போன வருடம் முழுக்க நீ இங்கே இருந்தாய், ஏ.சி. போட்டாய், இஸ்திரி போட்டாய். அதெல்லாம் கணக்கில் இருக்கிறது. மாதம் இருநூறு யூனிட்.

மார்ச் முடிவில் உன் வீடு மூடி நாற்பத்தொன்பது நாள்தான். அதனால் "இல்லை" என்று எழுதினேன். எழுதிய பிறகு விதியை மறுபடி இரண்டு தடவை படித்தேன். சரிதான்.

அசோசியேஷன் தலைவரான பல் டாக்டர் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "வாயைத் திறக்கச் சொன்னா திறக்கணும், ஏன்னு கேட்கக் கூடாது. இதுவும் அப்படித்தான் சார்" என்று சிரித்தார்.

நீ வரும் தேதியை எழுது. ஃப்ரிட்ஜை முதல் நாளே போட்டு வைக்கிறேன்.

உன் அண்ணன்

சேமிப்பு: 17.2

*

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தானே? நானும் சுகம். மூன்று வாரம் என்று எழுதியவள் ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். சம்பந்தி அம்மா வந்திருக்கிறார். மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். நல்ல மனுஷி. பெரிய பெட்டியோடு வந்திருக்கிறார். இந்த வீட்டில் அறைகள் மொத்தம் இரண்டு.

ஹாலில் பேரன் டி.வி. பார்ப்பான். நானும் கூடவே பார்க்கிறேன். கார்ப் பந்தயம் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.

இனி என் உதவி இங்கே தேவைப்படாது. மாதக் கடைசியில் ரயில் பார்க்கட்டுமா?

உங்கள் தங்கை

*

மே 14

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். பேரனோடு பந்தயம் பார்ப்பது நல்ல பொழுதுபோக்குதான்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வேலை நேற்றுத் தொடங்கியது. சுவரை உடைத்துப் பழைய சட்டத்தை எடுக்கிறார்கள். உன் வீட்டில் தூசி கணுக்கால் அளவு கிடக்கிறது. கட்டிலையும் பீரோவையும் போர்த்தி மூடியிருக்கிறேன். இந்தத் தூசியில் நீ வந்தால் மூச்சு முட்டும். ஜூன் பாதியில் வா. அதற்குள் பெருக்கித் துடைத்து வைக்கிறேன்.

வெயில் ஏற ஏறக் கணக்கு நன்றாக வருகிறது. "மேல் மாடியில முதல் தடவையா பிள்ளைங்க மத்தியானம் தூங்குதுங்க சார்" என்று டாக்சிக்காரர் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

உன் அண்ணன்

சேமிப்பு: 18.6

*

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஜூன் பாதி போய், ஜூன் முழுவதும் போய், ஜூலையும் ஒன்பது நாள் ஆகிவிட்டது. தபால்காரர் வரும் நேரத்தில் நான் வாசலில் நிற்பதைப் பார்த்து மருமகள், "யாருக்காக அத்தை வெயிட் பண்றீங்க, லவ் லெட்டரா?" என்று கேட்கிறாள். ஆமாம், தராசு ஒன்று எனக்கு எழுதும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜன்னல் மாட்டி முடித்தார்களா? நான் துணிமணியை எடுத்து வைத்துவிட்டேன். எடுத்து வைக்க அதிகம் இல்லை. பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால்தானே திரும்ப வைப்பதற்கு?

உங்கள் தங்கை

*

ஜூலை 30

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஜன்னல் முடிந்தது. ஆனால் லிஃப்ட் பழுதாகிவிட்டது. உன் இடுப்பை வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறுவது நடக்கிற காரியமா? புது மோட்டாரும் இரண்டு நாளாகத் தகராறு செய்கிறது. உன் குளியலறைக் குழாயிலும் கசிவு இருக்கிறது. பிளம்பர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் சரியான பிறகு நீ வருவதுதான் உசிதம். பெற்ற பிள்ளையின் வீடுதானே, இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன?

உன் சேலைகளில் பூச்சி வராமல் இருக்க வாரம் ஒருமுறை இரண்டிரண்டாக எடுத்து பால்கனிக் கொடியில் வெயில் காட்டுகிறேன். கவலைப்படாதே.

உன் அண்ணன்

சேமிப்பு: 19.7

*

செப்டம்பர் 2

அண்ணாவுக்கு,

நலம். லிஃப்ட் சரியானதும் எழுதுங்கள்.

நான் வரவே வேண்டாம் என்று இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். தபால் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

தங்கை

*

அக்டோபர் 19

அண்ணாவுக்கு,

ஏழு வாரமாக அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வேறு ஒரு செய்தி வந்தது.

நேற்று டாக்சிக்காரர் வீட்டம்மா என் செல்லுக்குக் கூப்பிட்டாள். "என்னக்கா, எப்ப வந்தீங்க? நீலச் சேலை, மஞ்சள் சேலையெல்லாம் கொடியில ஜம்முனு தொங்குது. மூணு வாட்டி வந்து கதவத் தட்டினேன், திறக்கவே மாட்டேங்கறீங்க. எங்க மேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்டாள். ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். குளித்துக்கொண்டிருந்திருப்பேன் என்றேன். மூன்று தடவையும்.

அதாவது, என் சேலைகள் ஊருக்குத் திரும்பிவிட்டன. கட்டிக்கொள்ளும் ஆள்தான் இன்னும் வரவில்லை.

லிஃப்ட் பற்றியும் அவளிடம் கேட்டேன். "லிஃப்டா? அது எப்பவும் போல நல்லாத்தானே ஓடுது" என்றாள்.

அண்ணா, சின்ன வயதிலிருந்து நீங்கள் என்னிடம் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லத் தெரியாத ஆள் வாரம் ஒருமுறை என் சேலையைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டுகிறீர்கள் என்றால் காரணம் பெரியதாக இருக்க வேண்டும். அதை எனக்கு எழுதுங்கள். இருமல் எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

தங்கை

*

அக்டோபர் 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. இதை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இருமல் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஜூன் முப்பதாம் தேதி இரண்டாவது படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். ஐந்தாவது கட்டத்தில் உன் வீட்டு எண் ஒன்பதை எழுத வேண்டும். எழுதினால் நம் சேமிப்பு பத்தொன்பதிலிருந்து பதினாறுக்கு இறங்கிவிடும். பல் டாக்டரிடம் கேட்டேன். "போன தடவ என்ன எழுதினீங்க? 'இல்லை'ன்னுதானே? அதையே எழுதுங்க சார். அவங்க என்ன செத்தா போயிட்டாங்க, ஊருக்குத்தானே போயிருக்காங்க" என்றார். அவர்மேல் பழி போடவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. "இல்லை" என்று எழுதினேன். செப்டம்பரிலும் எழுதினேன்.

ஜூலையில் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் முதன்முதலாக உன் சேலைகளைக் கொடியில் போட்டேன். அவள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "எல்லா வீட்லயும் ஆள் இருக்காங்கபோல" என்றாள். நான் இருமினேன். வராத இருமலை அன்று நானே வரவழைத்தேன். அவள் குறித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இருமல் நிஜமாகவே அதிகமாகிவிட்டது.

நீ திரும்பி வந்தால் மாதம் இருநூறு யூனிட் கூடும். ஆகஸ்ட் கடைசியில் நாம் இருபதுக்கு மேலே நின்றது வெறும் நூற்றைம்பது யூனிட்டில். ஆகவே உன் வருகையை நான் யூனிட்டாக எண்ணிப் பார்த்தேன். இதைவிடக் கேவலமாக எழுத எனக்குத் தெரியவில்லை. லிஃப்ட் பழுதாகவில்லை. குழாயில் கசிவு இல்லை. பிளம்பர் என்று ஒருவர் வரவே இல்லை.

மானியம் போனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தவணை ஏறும். எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. பல் டாக்டருக்குப் பல் இருக்கிறது. டாக்சிக்காரர் இப்போதே இரண்டு ஷிப்ட் ஓட்டுகிறார். நான் சொன்னதால் கையெழுத்துப் போட்டவர். தினமும் நான்கு தடவை இறங்கிப்போய் அந்த மீட்டரைப் பார்க்கிறேன். அது எங்கே போய்விடப் போகிறது? இருந்தாலும் போகிறேன். தராசின் அடியில் காந்தம் ஒட்டிய கடைக்காரர்களை எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். நான் உள்ளே நுழைந்ததும் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது சவரம் செய்யக் கண்ணாடி பார்க்கும்போது அதே முகம் தெரிகிறது.

டிசம்பர் முடிய இரண்டு மாதம்தான். நீ அங்கே வசதியாக இருப்பதானால், அதுவரை மட்டும் பொறுத்துக்கொள்வாயா? கேட்பதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

உன் அண்ணன்

சேமிப்பு: 20.3

*

நவம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது, பிளம்பர் வரவே இல்லை என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வசதியாக இருப்பதானால் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களுக்கு எழுதாதது ஒன்று இருக்கிறது. மே மாதத்திலிருந்து ஹால் சோபாவில் படுக்கிறேன். டி.வி. அணைந்த பிறகுதான் சோபா எனக்கு. காலையில் எல்லோரும் எழுவதற்கு முன்னால் போர்வையை மடித்து ஒளித்துவிட வேண்டும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் பிள்ளை என்னைக் கடந்து போகும்போது சோபாவைப் பார்க்க மாட்டான், அவ்வளவுதான். நூலகத்துக்கு விடுமுறை நாளில் பூங்காவில் உட்காருகிறேன். என் பெட்டி இன்னும் பெட்டியாகவே இருக்கிறது.

விளக்கு போடாமல், விசிறி போடாமல், ஏ.சி. பக்கமே போகாமல் என் வீட்டில் டிசம்பர் வரை இருந்துகொள்கிறேன் என்று எழுத நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒன்பது மாதமாக அடுத்தவர் வீட்டில் இல்லாதவளைப்போல இருந்தாயிற்று. என் சொந்த வீட்டிலும் அப்படி இருக்க மாட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி காலை ரயில். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதீர்கள். அது உங்கள் தராசு.

உங்கள் தங்கை

*

நவம்பர் 16

அன்புள்ள தங்கைக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. உன் இடுப்புக்குச் சோபா ஆகாது என்பதைக்கூட யூகிக்காமல், பந்தயம் நல்ல பொழுதுபோக்கு என்று எழுதியவன் நான். அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சொல்லத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பத்தாம் தேதி திட்ட அலுவலகத்துக்கு நேரில் போனேன். ஜூன், செப்டம்பர் படிவங்களுக்குத் திருத்தம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். "மூடியிருக்கும் வீடுகள்: ஒன்று. வீட்டு எண் 9. பிப்ரவரி பத்து முதல்." அதே பெண்தான் இருந்தாள். படித்துவிட்டு, "அப்போ அந்தச் சேலை?" என்றாள். நான்தான் உலர்த்தினேன் என்றேன். "நானும் அன்னிக்கு மேல ஏறிப் போய்த் தட்டிப் பார்த்திருக்கணும் சார்" என்றாள். கணினியில் கணக்குப் போட்டாள். பதினேழு புள்ளி நான்கு. நானாகவே வந்து சொன்னதால் அபராதம் இல்லை, ஆனால் இந்த வருடம் மானியமும் இல்லை. அடுத்த வருடம் ஒரே ஒரு வாய்ப்பு தருவார்கள். அதே பழைய கணக்கு, அதே இருபது, பதினெட்டு வீட்டிலும் ஆள் இருக்கும்போது.

அன்று மாலையே கூட்டம் போட்டுச் சொன்னேன். பல் டாக்டர், "சார், வலிக்காத பல்லை ஏன் சார் பிடுங்கறீங்க?" என்று கத்தினார். முதல் மாடி அம்மா, "உங்க தங்கச்சிக்காக எங்க எல்லாரையும் குழியில தள்ளிட்டீங்களே" என்றார். தங்கச்சியையும் சேர்த்துத் தள்ளினேன் அம்மா, அவளை மட்டும் முதலிலேயே தள்ளிவிட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. செயலாளர் பதவியை வாங்கிக்கொண்டார்கள். அது நியாயம்தான்.

டாக்சிக்காரர் கத்தவில்லை. "ஒரு வருஷம் கூடுதல் தவணை, இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார். அவர் கத்தியிருக்கலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பதவி போனாலும் பழக்கம் போகாமல், மீட்டரிடம் போனேன். அவர் எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார். கையில் பிள்ளையின் பழைய நோட்டு. எண்ணைச் சத்தமாக ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். எழுதினார். என் நோட்டை வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "இனிமே நானும் பார்க்கறேன் சார். தினமும்" என்றார். கடைக்காரர்கள் முன்னால் முப்பத்து நான்கு வருடம் நான் நின்ற இடத்தில் அவர் நின்றார். கோபமாகத்தான் நின்றார். ஆறு நாளாக அப்படித்தான் நிற்கிறார். நேற்று மட்டும், "அக்கா வர்ற ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ஸ்டேஷனுக்கு அவர் வண்டிதான் வருகிறது. மீட்டர் போட்டுத்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டார்.

இன்று உன் வீட்டைத் திறந்து பெருக்கினேன். துணிச் சுருளை எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜைப் போட்டேன். முதலில் சத்தமே இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகு ஒரு உதறு உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. வாசலுக்குப் போய் மெயின் போர்டில் உன் வீட்டுச் சின்ன மீட்டரைப் பார்த்தேன். ஒன்பது மாதமாக அசையாமல் இருந்த கடைசி இலக்கம் நகர்ந்தது. அது இன்னொரு தடவை நகரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தேன்.

கொடியில் இருந்த சேலைகளை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். இனி நீயே உலர்த்திக்கொள்.

உன் அண்ணன்

சேமிப்பு: 17.4. ஃப்ரிட்ஜ் ஓடுவதால் நாளைக்கு இன்னும் குறையும். ஏ.சி.யும் போட்டுக்கொள்.